தாயத்தைத் திறந்துவிட்டுப் பற்றவை

சாமி,

நலமா என்று விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ சேலத்தில் வாங்கிய அந்தப் பித்தளை ஊதுவிளக்கு இப்போது எரிந்துகொண்டிருந்தால் முதலில் அதை அணை. கையில் இருக்கும் சாமானைக் கீழே வை. பிறகு படி. இன்று நம் பேளுக்குறிச்சியில் சந்தை. காலையில் நம் வெள்ளிப் பட்டறை வாசலில் மிளகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, மலையிலிருந்து வந்த பெரக்கரை நாட்டுக்காரர் ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்ததும் உன் புராணத்தை ஆரம்பித்துவிட்டார். "ஏனுங்க, உங்க மவன் தங்கமான புள்ளைங்க. எங்க பேத்தி தாயத்து மூடி வாய் பொளந்துக்கிச்சுங்க. அதத் தெறந்தா புள்ளைக்கு ஆகாதுன்னு பூசாரி சொல்லியிருக்குதுங்க. உங்க மவன்கிட்டச் சொன்னமுங்க. தெறக்காமயே பத்தவெச்சுத் தாரேன்னு கையடிச்சுக் குடுத்துட்டாருங்க" என்றார். நாளை மறுநாள் அந்தக் குழந்தைக்கு மொட்டையடிக்கிறார்களாம், அதற்குள் தாயத்தைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாயாம். மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொல்கிறார். அவரையே திருப்பி அனுப்பலாமென்றால் அவர் மிளகோடு சேலம் போகிறார். மலைக்குத் திரும்ப நாலு நாள் ஆகுமாம். அதனால் இந்தக் கடிதத்தைச் சந்தை முடிந்து மலைக்குத் திரும்பும் பெண்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் பேச்சுக்குத்தான். வாசலுக்கும் பட்டறைக்கும் இதற்குள் பத்துத் தடவை நடந்துவிட்டேன். வெயில் ஏறிக்கொண்டே போகிறது.

அந்தத் தாயத்தை மூடியபடியே தீயில் காட்டாதே. இதுதான் விஷயம். இதற்கு மேல் ஒரு வரிகூடப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் கேள். உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். நான் மலைமேல் வந்த பிறகும் கிழவன் மூக்கை நுழைக்கிறான் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். நீ மலைக்குக் கிளம்பின அன்றைக்கு நாம் போட்ட சண்டை இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "ஊதுகுழல ஊதி ஊதி உங்க கன்னந்தானுங்க ஒட்டிப்போச்சு, இன்னும் எத்தன காலத்துக்கு?" என்று நீ கேட்டாய். "இந்த அடுப்ப வெச்சுக்கிட்டு மலைமேல காப்பிக்கட போடு, போ" என்று நான் சொன்னேன். உன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, உனக்கு முகம் சிவந்துவிட்டது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய். அந்த விளக்கைப் பற்றி இவ்வளவு பேசினோமே, பேச வேண்டியதை ஒரு வார்த்தை பேசினோமா? வெட்டிச் சண்டை. பாதிக்கு மேல் தப்பு என்மேல்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. நீ கிளம்புவதற்கு முதல் நாள் வாய்க்காலுக்குக் குளிக்கப் போனாயே, அப்போது நான் உன் விளக்கை எடுத்துக் காற்றடித்துப் பற்றவைத்துப் பார்த்தேன். ஒரு மெட்டியை வைத்து வெங்காரம் தடவி, ஒட்டவைக்கும் வெள்ளிப் பொடியைப் போட்டேன். நான் ஊதுகுழலில் மூச்சுப் பிடித்து நடுவில் ஒரு தடவை இருமி மறுபடி ஊதுவதற்குள், அந்த விளக்கில் பொடி உருகி இழையாக ஓடி நின்றுவிட்டது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நீ வந்ததும் காப்பிக்கடை என்று கேலி பேசினேன். உன் அப்பன் அப்படிப்பட்டவன். தன் கை தோற்றுப்போனதை ஒப்புக்கொள்ளவே மாட்டான். அந்தக் குணம் எனக்கு என்ன செய்தது என்பது கீழே வருகிறது, பொறு.

விளக்கு நல்ல விளக்குதான். ஆனால் ஊதுகுழலில் என் மூச்சு நின்றால் தீயும் நின்றுவிடும். உன் விளக்கு நீ வேறு பக்கம் பார்த்தாலும் ஊதிக்கொண்டே இருக்கும். மலையில் எல்லாம் புல் வேய்ந்த வீடு, தாழ்ந்த கூரை. கூரைக்கு அடியில் உட்கார்ந்து விளக்கைப் பற்றவைக்காதே. வெட்டவெளி வெயிலிலும் உட்காராதே, வெள்ளி சிவப்பது வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. பொடி ஓடிற்றா என்று நீ குனிந்து தேடுவதற்குள் சாமானே உருகிக் குண்டுமணியாகிவிடும். மேலே புல் இல்லாத மண்சுவர் மூலையாகப் பார். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு சட்டி மணலும் இருக்கட்டும். சீமெண்ணெய் பிடித்த தீயில் தண்ணீரை ஊற்றாதே, மணலைப் போடு. விளக்கு சுட்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றாதே. உனக்குப் பொறுமை கிடையாது, அதனால்தான் சொல்கிறேன். தீயைப் பொடிமேல் மட்டும் பிடிக்காமல் சாமான் முழுக்கச் சுற்றிச் சுற்றிக் காட்டு. வெங்காரம் முதலில் பொங்கும், பயப்படாதே, அடங்கிக் கண்ணாடி போல ஆன பிறகுதான் பொடி ஓடும். கறுத்த வெள்ளியை வெளுக்கத் திராவகம் கலந்தால், திராவகத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரைத் திராவகத்தில் ஊற்றினால் மூஞ்சியில் அடிக்கும். சூட்டோடு வெள்ளியை அதில் போடாதே. முடிந்தால் திராவகத்தைத் தொடவே வேண்டாம், புளித்தண்ணீரில் ஊறப்போடு. கொஞ்சம் நேரமாகும், ஆகட்டுமே. நான் இதையெல்லாம் உனக்கு எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டேன். திரும்ப எழுதுவதற்குக் காரணம், எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை.

எழுதுகிறேன். மூடிய சாமான் எதுவானாலும், அது காப்பாகட்டும், தண்டையாகட்டும், தாயத்தாகட்டும், ஊசி முனை அளவுக்காவது ஓர் ஓட்டை போடாமல் தீயில் காட்டக் கூடாது. உள்ளே இருக்கும் காற்று சூடேறினால் வெளியே வர வழி தேடும். தாயத்தில் காற்று மட்டுமா இருக்கிறது? தகடு, விபூதி, வேர், ஒரு சொட்டு நெய். குழந்தையின் வேர்வையும் குளித்த தண்ணீரும் அந்த வெடிப்பு வழியாக உள்ளே போய் மாதக்கணக்கில் ஊறிக் கிடக்கும். அது ஆவியானால் மூடி துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும். உன் கண்ணுக்கும் அந்த மூடிக்கும் நடுவில் ஒரு முழம் தூரம்கூட இருக்காது. உனக்கு இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தாயத்து என்று வந்துவிட்டால் நமக்குத் தெரிந்தது எல்லாம் எங்கோ போய்விடுகிறது. திறக்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார், பெற்றவள் கண்ணீரோடு கையில் கொடுக்கிறாள், ஓட்டை போட்டால் மந்திரம் போய்விடும் என்று நாமே பயப்படுகிறோம். சரி, ஒரு நொடி வேலைதானே, மெதுவாகக் காட்டினால் ஒன்றும் ஆகாது என்று துணிந்துவிடுகிறோம். நம் ஊர்ப்பக்கத்தில் வெள்ளி வேலை செய்கிறவன் செய்யும் தப்பு இது. நானும் செய்தேன்.

அப்போது உனக்கு இரண்டு வயது. காய்ச்சல் வரும், விடும், மறுபடி வரும். தூக்கினால் துணிமூட்டை மாதிரி இருப்பாய். மலையிலிருந்து ஒரு பூசாரி வந்து தாயத்து மந்திரித்துக் கட்டினார், திறக்காதீர்கள் என்று அவரும் சொன்னார். காய்ச்சல் விட்டது. தாயத்தால் விட்டதா, வைத்தியரின் கஷாயத்தால் விட்டதா, நான் இன்றுவரை யாரிடமும் வாதாடவில்லை. ஆறு மாதம் கழித்து மூடி ஆட ஆரம்பித்தது. உன் அம்மாவுக்கு உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை. சின்ன வயது. கொண்டை ஊசியால் நெம்பித் திறந்து பார்த்துவிட்டு, பழையபடி அழுத்தி மூடி, பயந்துபோய் என்னிடம் கொண்டுவந்தாள். "ஒரு தகடும் துன்னூறுந்தானுங்க இருந்துச்சு. தெரியாமப் பாத்துட்டனுங்க" என்றாள். "அறிவிருக்குதா உனக்கு? புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்ணுவ?" என்று நான் எகிறிக் குதித்தேன். தாயத்தைப் பிடுங்கிப் புளித்தண்ணீரில் அலசினேன். மூடி ஆடுகிற சாமானை அலசினால் தண்ணீர் உள்ளே போகும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஓட்டை போடுகிற ஊசியைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். அவள் திறந்தது போதாதென்று நானும் ஓட்டை போட்டு, அன்றைக்கு ராத்திரி உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டால்? பயந்ததை அவளுக்குக் காட்டிக்கொள்ள மனமில்லை. "குறட்டப் புடி" என்று அதட்டினேன். அவள் எதிரில் குத்தவைத்துக் குறட்டால் தாயத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஊதினேன்.

சத்தம் பெரிதாகக்கூட இல்லை. ஒரு புளியங்கொட்டை வெடித்த மாதிரி. மூடி போய் அவளுடைய வலது கண்ணில் அடித்தது. ஆமாம், அந்தக் கண். மூங்கில் முள் குத்திவிட்டது என்று உனக்கும் ஊருக்கும் சொல்லி வைத்தோமே, மூங்கிலும் இல்லை, முள்ளும் இல்லை. முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, ரத்தம் முழங்கை வரை ஒழுக, அவள் அலறவில்லை. என்னைப் பார்த்து, "நான் தெறந்து பாத்ததுக்குத்தானுங்க சாமி தண்டன குடுத்துருச்சு?" என்று கேட்டாள். நான் "ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் இருபது வருஷத்துக்கு மேலாக என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பதற்றத்தில் வந்த வார்த்தை என்று முதலில் நினைத்தேன். மறுநாள் சொல்லிவிடலாம் என்றேன். மறுநாள் அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள், "உங்க மேல என்னங்க தப்பு, நான் பண்ணுன காரியம்" என்று. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? வெட்கக்கேடு. ஓட்டை போடாமல் ஊதினான் என்று தெரிந்தால் எவன் என்னிடம் சாமான் கொடுப்பான் என்ற பயமும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிது, அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்பது. அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரு கண், அதிலும் நான் நல்லவனாகவே தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்குப் பிறகு அவள் யார் வீட்டுக் குழந்தைக்கும் தாயத்துக் கட்டக் கை நீட்டியதில்லை. கூப்பிட்டால், "என் கை ஆகாதுங்க" என்று ஒதுங்கிக்கொள்வாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பட்டினியும் கிடக்கிறாள். நீ இரண்டையும் பார்த்திருப்பாய், காரணம் தெரிந்திருக்காது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதுவரை எழுதிவிட்டு மறுபடி வாசலுக்குப் போனேன். சந்தையில் மலைப் பெண்கள் உப்பும் கருவாடும் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் உன் அம்மா நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். காலையில் அந்த மிளகுக்காரர் சொன்னதை அவளும் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள்.

"நான் போறனுங்க" என்றாள்.

"எங்க?"

"மலைக்குத்தான். அந்தப் பொம்பளைங்களோட போயி ராத்திரிக்கு அடிவாரத்துல காரவள்ளியில தங்கிக்கிட்டு, விடியறதுக்குள்ள ஏறுனா சோத்து நேரத்துக்கு முன்னால போயிறலாமுங்க."

"அதுக்குத்தான் கடுதாசி எழுதறேனே?"

"கடுதாசிய அவன் வேலையெல்லாம் முடிச்சுட்டுச் சாவகாசமாப் படிப்பானுங்க. நான் போயி முன்னால நின்னாத்தான் வெளக்கக் கீழ வெப்பான்."

"அந்தப் பாதையில ஒத்தக் கண்ண வெச்சுக்கிட்டு எப்படி ஏறுவ?"

"ஒத்தக் கண்ணுலதானுங்க இத்தன வருசமா உங்களுக்குக் கல்லுப் பொறுக்கிச் சோறாக்கிப் போட்டேன். மலையேற மட்டும் ரெண்டு வேணுமாக்கும்?"

சரி, போய் அவனிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலைக் கேள். "தெறந்தறாத சாமின்னு சொல்லுவேன். வாய் பொளந்திருக்குதுன்னா அவன் கை சும்மா இருக்காதுங்க. உள்ள என்னன்னு நோண்டிப் பாப்பான். எம் புள்ளையாச்சே. எனக்கு ஆனது அவனுக்கு ஆகக் கூடாதுங்க. தெறக்காம அப்படியே பத்தவெச்சுக் குடுத்துருன்னு சொல்லீட்டு வாரேன்."

புரிகிறதா சாமி? நான் சொன்ன பொய்யை அவள் மடியில் கட்டிக்கொண்டு மலையேறி வருகிறாள். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, எது உன் கண்ணைப் பறிக்குமோ அதையே செய்யச் சொல்லப்போகிறாள். நீயும் அம்மா சொல்லைத் தட்டமாட்டாய், என் சொல்லைத்தான் தட்டுவாய். அந்த நிமிஷமே அவளை உட்காரவைத்து நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "கொஞ்சம் மொளகாப்பொடியும் கட்டிக்க, அவனுக்குப் புடிக்கும்" என்றேன். அவள் கட்டிக்கொண்டிருக்கிறாள். நானும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "இந்த முட்டிய வெச்சுக்கிட்டா? உங்களத் தூக்கிச் சொமக்க இன்னும் ரெண்டாளு வேணும்" என்று சிரித்தாள். நேரில் வந்தாலும் நான் என்ன கிழித்திருப்பேன்? மறுபடி விளக்கைப் பற்றி உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். இந்தக் கடிதத்தையும் அவளேதான் கொண்டுவருகிறாள், அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் அவள் எதிரிலேயே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் அப்பனுடைய வீரம் இவ்வளவுதான்.

வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுகிறேன், நேரமாகிறது. தாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் குழந்தையின் தாயிடம் போ. தெரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொள். வெட்கமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். மூடிய சாமானைத் தீயில் வைத்தால் வெடிக்கும், உள்ளே இருக்கும் தகடும் கருகும் என்று சொல். பூசாரியைக் கூப்பிட்டு அவர் கையாலோ, அந்தத் தாய் தன் கையாலோ திறக்கட்டும். உள்ளே இருப்பதை ஒரு வெற்றிலையில் வைத்து அவளே மடித்து வைத்துக்கொள்ளட்டும். நீ திரும்பி உட்கார்ந்துகொள், பார்க்காதே. வெறுங்கூட்டை நன்றாக உலர்த்தி, இரண்டு பக்கமும் திறந்த நிலையிலேயே வெடிப்பைப் பற்றவை. ஆறின பிறகு அவள் உள்ளே வைத்துக் கொடுத்ததும் மூடியை அழுத்தி, அரக்கு வைத்து அடை. கடைசி மூடிக்குத் தீயே வேண்டாம். இதற்கெல்லாம் அவர்கள் ஒப்பவில்லையென்றால் தாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. மலையில் இனி யாரும் வேலை கொடுக்கவில்லையென்றால் விளக்கைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடு. நான் ஒரு வார்த்தை கேலி பேசமாட்டேன். இரண்டு கண்ணோடு வா, அது போதும்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அவளை உன் பக்கத்தில் உட்காரவை. குடிக்கத் தண்ணீர் கொடு, களைப்பாற விடு. நீ மனதுக்குள் படித்து முடித்திருந்தாலும், முதல் எழுத்திலிருந்து அவள் காதில் விழும்படி சத்தமாகப் படி. எனக்குக் கெட்ட பெயர் வருமே என்று எதையும் விழுங்கிவிடாதே. கேட்டுவிட்டு அவள் அழுதால் அழட்டும், திட்டினால் திட்டட்டும். அந்த வீட்டுக்கு இனிப் போகமாட்டேன் என்று சொன்னால், நீ சமாதானம் பேசாதே. அப்பன் பாவம் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. நான் பாவமில்லை. பெண்கள் தெருவில் கூப்பிடுகிறார்கள், "எழுதியாச்சுங்களா?" என்று அவள் கேட்கிறாள், கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். இனி வருவது உனக்கில்லை, அவளுக்கு. நிறுத்தாமல் படி.

அம்மிணி, அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் ஆமான்னு சொன்னேன். அது பொய். நீ தெறந்து பாத்ததால ஒண்ணும் ஆகல. தண்ணியில அலசி, ஓட்டை போடாமத் தீயக் காட்டுனது நான். சாமி உனக்கு எதுவும் குடுக்கல, நான்தான் குடுத்தேன். வெள்ளிக்கெழமை தவறாம நீ பட்டினி கெடக்கறதெல்லாம் என் தப்புக்குத்தான் அம்மிணி. வர்ற வெள்ளிக்கெழமை நீ எங்க இருந்தாலும் சரி, சாப்புடு.